பிக்ஸியின் பத்தியச் சோறு

1974 மார்ச் 4, திங்கள்

விடிந்தும் பனிமூட்டம். எதிர் மலை இல்லவே இல்லை. பிக்ஸிக்கு மறுபடி வாந்தி, ஹால் கம்பளத்தில், பூப்போட்ட இடமாகப் பார்த்து. பிறகு பின்பக்கமும் திறந்துகொண்டது. துரைசானி அலறல். துரை பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்துக்கொண்டார். கம்பளம் கழுவியது நான். பங்களா சமையல்காரன் என்று பேர். அதே கையால் மத்தியானச் சூப். ரொம்ப ருசியாம்.

துரைசானியை இனி து.சா. என்றே எழுதுவேன். முழுசாக எழுதி மரியாதை செய்யப் பென்சில் போதாது.

நாய்க்கு வயிறு கெட்டால் து.சா. சட்டம்:

1. முதல் நாள் பட்டினி. தண்ணீர் மட்டும்.
2. மறுநாள் கஞ்சித் தண்ணீர்.
3. அப்புறம் கோழி நெஞ்சுக்கறி அவித்து, சம்பா அரிசிச் சோறு குழைத்து, கேரட் மசித்து. எண்ணெய், உப்பு கூடாது. காலை, மாலை. வயிறு கட்டும் வரை.
4. தினமும் நாயின் கழிவை டின்னில் போட்டுத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.
5. நாய் தின்று மிச்சம் வைப்பதைப் பின்பக்கம் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். நோய் பரவுமாம்.

டிஸ்பென்சர் ஐயா டின்னைத் திறந்தே பார்ப்பதில்லை. “நான் மனுசருக்கு மருந்து குடுக்கப் படிச்சவன் அந்தோனி. போய் ஆத்துல கொட்டு.” துண்டுக் காகிதத்தில் ‘கவனிக்கவும்’ என்று எழுதிக் கொடுப்பார். து.சா. அதைப் பத்திரமாக வைத்துக்கொள்வார்.

மார்ச் 6, புதன்

குளிர். தேங்காயெண்ணெய் உறைந்துவிட்டது. பிக்ஸி (இனி பி.) இன்று சோற்றுக்கு வந்தது. இரண்டு நக்கு, மூக்கைத் திருப்பிக்கொண்டு படுக்கை. முழுத் தட்டு மிச்சம். வெள்ளைச் சோறு, கோழி. குழி தோண்டினேன். கை வரவில்லை. பிறகு வந்தது. மண் போட்டு மிதித்தேன்.

நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் யாரும் சோறு பார்த்து நாளாகிறது. கூப்பன் அரிசியைக் குறைத்துவிட்டார்கள். மாவுக்கும் கியூ. மரவள்ளியும் விலை ஏறிப்போச்சு. என் பெண்சாதி செபமாலை கொழுந்து எடுக்கப் போகும்போது பாதி ரொட்டி கட்டிப் போகிறாள், பாதியோடு திரும்பி வருகிறாள், மகள் பிலோவுக்கு.

மார்ச் 7, வியாழன்

பிலோவை டிஸ்பென்சரிக்குத் தூக்கிப் போனோம். ஆறு வயசு அவளுக்கு. மூஞ்சி உப்பியிருக்கு. பார்க்கிறவர்கள் ‘புள்ள நல்லா குண்டா இருக்கே’ என்கிறார்கள். அவர்களை அறையலாம் போலிருக்கு. முடி செம்பட்டையாகிவிட்டது. அழுவதுமில்லை. ஐயா காலில் விரலால் அழுத்தினார். விரலை எடுத்தும் பள்ளம் அப்படியே.

“இதுக்கு எங்கிட்ட மருந்து இல்ல அந்தோனி. சோறு போடு. முட்டை, கறி ஏதாச்சும் குடு. இல்லாட்டி புள்ள தங்காது.”

“எங்கேருந்துங்க ஐயா?”

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பங்களா ஸ்டோர் சாவி து.சா. இடுப்பில். அரிசி முதல் கிராம்பு வரை அவரே அளந்து தருவார். கேட்டில் வாச்சர் முத்துசாமி மடி வரைக்கும் தடவிப் பார்ப்பான். எனக்கு முன்னால் இருந்த சமையல்காரன் இரண்டு உருளைக்கிழங்கோடு மாட்டிக்கொண்டு குடும்பத்தோடு தோட்டத்தை விட்டே போனான். அந்த இடத்துக்குத்தான் நான் வந்தேன்.

இன்றும் பி. இரண்டு நக்குதான். குழி தோண்டினேன். வெறும் குழியை மூடினேன்.

மார்ச் 8, வெள்ளி

இரண்டு பால்மா டின், ஒரே மாதிரி. மேலே ஒன்று, கீழே ஒன்று, சேர்த்துக் கயிற்றால் கட்டு.

“என்னாண்ணே, இன்னைக்கு ரெண்டு டின்னு?”

“ராத்திரிப் போனது ஒன்னு, காலையில போனது ஒன்னு. தொறக்கவா?”

“ஐயையே! போங்கண்ணே, போங்க.”

முத்துசாமி மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டை முழுசாகத் திறந்துவிட்டான். கவர்னருக்கும் இப்படித் திறந்திருக்க மாட்டான்.

பிலோ முதலில் மோந்து பார்த்தாள். சவைக்க மறந்துவிட்டிருந்தது, வாயிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு விழுங்கினாள். செபமாலைதான் கோழியைக் கண்டு பதறினாள். “வெள்ளிக்கிழமைங்க. அதுவும் தவசு காலம். கறி ஆகாது.”

“நாயிக்குத் தவசு கெடையாது. இது நாயோட சோறு. ஊட்டு.”

சிலுவை போட்டுக்கொண்டு ஊட்டினாள்.

மார்ச் 10, ஞாயிறு

வெயில். கோயிலில் சாமியார் பிரசங்கம்: தவசு காலத்தில் ஒரு வேளை மட்டுமாவது வயிறாரச் சாப்பிடாமல் ஒறுத்தல் செய்யுங்கள், பிரியமானவர்களே. பிரியமானவர்கள் எல்லோரும் தலையாட்டினோம். பின் வரிசையில் ஒருத்தி மயங்கி விழுந்தாள். பக்தி என்று நினைத்திருப்பார்.

பி.க்குச் சுகமாகிவிட்டது. நாசமாய்ப் போக. சுகமாயிருந்தால் அது து.சா. தட்டிலிருந்து, து.சா. கையால், மேசையில் தின்னும். என் கைக்கு ஒரு பருக்கை வராது. வயிறு கெட்டால்தான் நாற்றம் தாங்காமல் என்னிடம் தள்ளிவிடுவார்.

டின் இல்லாமல் லயத்துக்குப் போனேன். பிலோ என் கையைத்தான் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை.

மார்ச் 12, செவ்வாய்

துரையின் தட்டில் வெட்டி ஒதுக்கின பன்றிக் கொழுப்பு. நாய்க்கு ஆகவே ஆகாது என்பது து.சா. தினமும் சொல்கிற பாடம். கட்டைவிரல் அளவு துண்டு. சமையல் குசினிக் கதவுக்குப் பின்னால் வைத்து நீட்டினேன். வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. தின்றுவிட்டு என் விரலை ஒவ்வொன்றாக நக்கியது.

பொழுது சாய்வதற்குள் வாந்தி. து.சா. அழுகை. “அந்தோனி, எப்பிடி வந்துச்சு மறுபடி?”

“குளிருங்கம்மா.”

மனசில் ஒன்றுமில்லை. அதை எழுதி வைக்கிறேன். ஒன்றுமே இல்லை.

மார்ச் 16, சனி

வேலை பிடிபட்டுவிட்டது. துண்டு பெரிசானால் இரத்தம் போகிறது, து.சா. பயந்து டவுனுக்குக் கொண்டுபோகப் பார்க்கிறார். சின்னதானால் ஒரே நாளில் எழுந்து குலைக்கிறது. அளவு என் கைக்குத் தெரியும், உப்பு போடுகிற மாதிரி.

வாங்க வேண்டியது: விம், மிளகு, விளக்குத் திரி.

பிலோ முகம் வற்றியிருக்கு. முதலில் அசிங்கமாகத் தெரிந்தது, எலும்பு எலும்பாக. அதுதான் அவள் முகம். மறந்தே போயிருந்தேன்.

அடுத்த காம்பராவில், எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம், மாரியாயி மகன் செல்வம். பிலோ வயசுதான், அதே வீக்கம். இன்று எங்கள் வாசலில் வந்து நின்று, பிலோ முகத்துக்கிட்ட மூக்கைக் கொண்டுபோய், “கோழி வாசம் அடிக்கிது” என்றான். செபமாலை என்னைப் பார்த்தாள். “ஒரு வாய் குடுக்கலாமாங்க?”

“நாளைக்கு லயமே வந்து நிக்கும். வாச்சர் காதுக்குப் போயிரும். புள்ள வாயைக் கழுவிவிடு.”

கழுவிவிட்டாள். சோப்புப் போட்டு.

மார்ச் 20, புதன்

மூட்டம். தூறல். மாலைச் செபத்தில் பிலோ தானாகச் சேர்த்துக்கொண்டது: “மாதாவே, பிக்ஸிக்கு வயித்தால போய்க்கிட்டே இருக்கணும்.” செபமாலை வாயைப் பொத்தினாள். நான் ஆமென் சொன்னேன்.

பி. எடை குறைந்துவிட்டது. மடியில் தூக்கினால் கோழிக்குஞ்சு கனம். ஆனாலும் பங்களா முழுக்க என் பின்னாலேயே சுற்றுகிறது. து.சா. விருந்தாளியிடம் இங்கிலீஷில் சொன்னது எனக்கு விளங்கிற்று: அந்தோனிதான் அதுக்குத் தாய் மாதிரி.

விருந்தாளி என் முதுகைத் தட்டினாள். கையுறை போட்டிருந்தாள்.

மார்ச் 25, திங்கள்

செல்வம் காலையில் போய்விட்டான். டிஸ்பென்சர் ஐயா ‘வயிற்றோட்டம்’ என்று எழுதினாராம். வயிற்றில் ஏதாவது இருந்தால்தானே ஓட.

தேயிலைப் பெட்டிப் பலகையில் சவப்பெட்டி. பலகையில் தோட்டத்துப் பேர் தலைகீழாக. ஒரு பக்கம் நான் தூக்கினேன். கனமே இல்லை. மாரியாயி அழவில்லை, செபமாலை கையைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டாள், “ஒங்க புள்ள மட்டும் தேறிருச்சே அக்கா. என்னா குடுத்தீங்க? சொல்லுங்க, என்னா குடுத்தீங்க?”

“வேண்டுதல்,” என்றாள் செபமாலை.

பங்களாவுக்குத் திரும்பியதும் து.சா. கோபம். பி. சோறு ஆறிவிட்டதாம். சூடாக்கி வைத்தேன். இரண்டு நக்கு. அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றபோது ஒரு வாய் கொடுத்திருக்கலாம் என்று வந்தது. ஒரு வாய் கொடுத்து என்ன ஆகியிருக்கும் என்றும் வந்தது. பிறகு டின்னில் போட்டுக் கட்டினேன்.

மார்ச் 29, வெள்ளி

கொழுப்பை நிறுத்திவிட்டேன். பி.க்கு இரத்தம் போகிறது. செத்தால் எல்லாம் போச்சு. கஞ்சி, குளுக்கோஸ், மாதுளந்தோல் கஷாயம், எல்லாம் பார்த்தாயிற்று. நிற்கவில்லை. நான் ஒன்றும் வைக்காமலே போகிறது. இத்தனை நாள் நான் கெடுத்தேன், இப்போது தானாகக் கெடுகிறது. ராசாத்தி, ஒரு வாய் தின்னு என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். நாயிடம்.

ஏப்ரல் 1, திங்கள்

மிருக டாக்டர் காரில் வந்தார். வயிற்றை அமுக்கினார். குடல் போய்விட்டது, இனி வேதனைதான், ஊசி போட்டுவிடலாம் என்றார்.

து.சா. சோபாவில் சாய்ந்து அழுதார். என்னிடம் தமிழில், “பாவம் அந்தோனி. நம்ம வீட்டுல ஒரு உயிரு பட்டினியா கெடந்து சாகக் கூடாது. அது பாவம்.”

“ஆமாங்கம்மா.”

பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். பிடித்துக்கொண்டேன். ஊசி ஏறும்போதும் என் விரலை நக்கிக்கொண்டிருந்தது. நாக்கு நின்றதும் டாக்டர் கை கழுவச் சோப்புக் கேட்டார்.

அழுகை வந்தது. நாய்க்காகவா, டின்னுக்காகவா, சொல்லத் தெரியவில்லை. து.சா. என் கண்ணைப் பார்த்துவிட்டு இன்னும் அழுதார். ரோஜாச் செடிக்குக் கீழே புதைத்தேன். இந்த முறை நிஜக் குழி.

ஏப்ரல் 4, வியாழன்

மத்தியானம் இடி, மழை. வெறுங்கையோடு கேட்டைத் தாண்டினேன். முத்துசாமி பழையபடி மடியைத் தடவினான். “பாவம்ணே அந்த நாயி,” என்றான், தடவிக்கொண்டே.

பிலோ ரொட்டியைத் துப்புகிறாள். சோறு பழகிவிட்டது. “புது நாய் எப்பப்பா வரும்?” அடிக்கக் கை ஓங்கினேன். செபமாலை நடுவில் வந்தாள். “கேட்டதுல என்னாங்க தப்பு? நானும் அதைத்தான் கேக்கணும்னு இருந்தேன்.”

ஏப்ரல் 6, சனி

து.சா.விடம் மெல்ல ஆரம்பித்தேன். வீடு வெறிச்சென்று இருக்குதுங்கம்மா. இன்னொரு குட்டி வளர்த்தால் மனசு ஆறும். முதலில் முடியவே முடியாது என்றார். கொழும்பில் இப்போது நல்ல ஜாதிக் குட்டி எங்கே கிடைக்கிறது என்றார். நான் கொண்டுவருகிறேன் என்றேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

ஏப்ரல் 7, ஞாயிறு

குருத்தோலைப் பூசைக்கு நேரம் இல்லை. பஸ் பிடித்து கினிகத்தேனை டவுன். கடைவீதிக்குப் பின்னால் ஒரு சிங்கள வீட்டில் ஊர் நாய் குட்டி போட்டிருந்தது. வீட்டுக்காரர் கொழுத்த குட்டியாகத் தூக்கிக் காட்டினார், “மே பலன்ன, ஹொந்த எகெக்” என்று; இதைப் பார், நல்லது என்கிறார். வேண்டாம் என்றேன். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, இருப்பதிலேயே நோஞ்சானை எடுத்தேன். ஒட்டின விலா, ஊதின வயிறு, கண்ணில் பீளை. மற்றதெல்லாம் அதை முலைக்கே விடவில்லையாம். ஒரு நாளைக்கு ஒரு வாய்க்கு மேல் இறங்காது என்று கணக்குப் போட்டேன். பஸ்ஸில் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன்.

து.சா. பார்த்ததும் வாயில் கை வைத்தார். “ஐயோ, இவ்வளவு மெலிஞ்சதா பார்த்து எடுத்திருக்கே! அந்தோனி, ஒனக்குத் தங்கமான மனசு.” பத்தியச் சோறு போடச் சொல்லி அவரே ஸ்டோர் சாவியைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

ஏப்ரல் 8, திங்கள்

மழை விட்டு நல்ல வெளிச்சம். காலையில் கோழி, சோறு, கேரட். தட்டை வைத்தேன். தலையை உள்ளே விட்டது. எடுக்கவேயில்லை. கடைசிப் பருக்கை வரை. தட்டைத் தள்ளிக்கொண்டே குசினிச் சுவர் வரை போய் நக்கியது. து.சா. கைதட்டினார். இன்னும் வை என்றார். வைத்தேன். அதுவும் போயிற்று.

அவர் போனதும் கொழுப்பு. விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தது. இன்னொரு துண்டு. இன்னொன்று. துரையின் தட்டில் ஒதுக்கினது முழுக்க.

சாயங்காலம் மறுபடி முழுத் தட்டு. மறுபடி சுத்தம்.

ஏப்ரல் 9, செவ்வாய்

எல்லோரும் எழுவதற்கு முன் போய் அதன் சாக்கைப் பார்த்தேன். குட்டி பக்கத்தில் குதித்துக்கொண்டிருந்தது. வாந்தி இல்லை. இரத்தம் இல்லை. சாக்கு ஓரத்தில் கெட்டியாக, உருண்டையாக, நல்ல ஆரோக்கியமான கழிவு. எந்த டாக்டருக்கும் காட்டலாம். து.சா. வந்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, “பார்த்தியா, இதுக்குப் பத்தியமே தேவையில்ல, இனிமே நானே என் தட்டுலேருந்து குடுத்துக்கிறேன்,” என்று சொல்லி, ஸ்டோர் சாவியைக் கை நீட்டி வாங்கிக்கொண்டார்.