மருத்துவமாதின் கையில் ஊசி

15.03.1992, ஞாயிறு

இன்று யாழ்ப்பாணத்தில் எங்கள் மருத்துவர் சங்கக் கூட்டம். கரவெட்டியிலிருந்து சைக்கிளில் போய் வந்த களைப்பிலும் நித்திரை வரவில்லை.

பிரசவத்துக்குப் பின் இரத்தம் நிற்காவிட்டால் பிள்ளைப்பேறு பார்க்கும் ஊர் மருத்துவமாதே கருப்பையைச் சுருக்கும் ஊசியைப் போடலாம் என்று சுகாதாரத் திணைக்களம் அனுமதிக்க வேண்டும். சங்கம் அதைக் கேட்க வேண்டும் என்று நான் பிரேரித்தேன். தலைவர் உடனே மறுத்தார்.

"பிள்ளை பிறக்க முந்திப் போட்டால் கருப்பை வெடிச்சுப் போகும். ஆர் பொறுப்பு, நீரோ?"

அவர் சொன்னது பிழையில்லை. ஆனாலும் போன கிழமை, பிள்ளை பெற்று இரத்தம் நிற்காத இராசாத்தியை உழவு இயந்திரத்தில் என்னிடம் கொண்டுவந்ததைச் சொன்னேன். ஷெல்லடியால் வழியில் தங்கிவிட்டார்கள். மருத்துவமாது தங்கம்மா பக்கத்திலேயே இருந்தும் ஊசி போட அனுமதி இல்லை. வந்து சேர்ந்தபோது உயிர் இல்லை.

"அவவுக்கு ஆர் பொறுப்பு, சேர்?" என்று கேட்டுவிட்டேன்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி, கேட்பம். ஆனால் பழக்காமல் ஒருத்தரின்ரை கையிலையும் ஊசி குடுக்கக் கூடாது. நானே வந்து பழக்கிறன்."

எல்லோரும் கை உயர்த்தினார்கள். திணைக்களம் என்ன சொல்லுமோ. சம்மதித்தாலும் மருந்தை வவுனியாத் தடை தாண்ட ஆமி விடுமோ.

திரும்பும் வழியில் தங்கம்மா வீட்டுப் படலையில் நின்று விஷயத்தைச் சொன்னேன். இராசாத்தி செத்த அன்றிலிருந்து ஒருவரோடும் முகம் கொடுத்துக் கதைக்காதவர், என் சைக்கிள் கைபிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"எப்ப டொக்டர் பழக்குவினம்? நான் நாளைக்கே வாறன்."