உப்பு, ஓவர்

ஜெபசிங் கவனத்துக்கு.

உங்களோடு இனிப் பேசுவதில்லை என்று எப்சிபா காலையில் சொன்னது இன்னும் நடப்பில் இருக்கிறது. ஆகவே இதை எழுதுவது அவள் இல்லை, அவளுடைய கை மட்டும்.

அவள் குற்றாலத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள். வாசல் சாவி பிரிட்ஜ் மேல். மீன்குழம்பு அடுப்பில் இருக்கிறது, உப்பு அறவே கிடையாது.

உங்கள் ஹாம் ரேடியோவுக்குப் பழைய மைக் நல்லதா, புதுசு நல்லதா என்று பார்க்க, சின்ன வாக்கி டாக்கி செட்டை அவளிடம் அடுப்படியில் கொடுத்துவிட்டு, மாடியிலிருந்து பழைய மைக்கில் என்ன சொன்னீர்கள்? "எப்சிபா, குழம்புல உப்பு ஓவர்." அப்போதே செட்டை அணைத்துவிட்டாள். ருசி பார்க்காமல் குறை சொன்ன வாய்க்கு உப்பு எதற்கு?

நீங்கள் குளிக்கப் போனபோது உங்கள் போனில் புளியறை பாண்டியராஜ் அண்ணாச்சி வந்தார். அவரும் தன் ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

"பழைய மைக்கு வார்த்தைய முழுங்குது தங்கச்சி. புதுசுல திரும்பச் சொன்னப்பதான் முழுசா வந்துச்சு. 'குழம்புல உப்பு போட்டாச்சா? ஓவர்'னு. புதுசையே வச்சுக்கிடச் சொல்லு."

ரேடியோவில் ஓவர் என்றால் 'இனி நீ பேசு' என்று அர்த்தமாம். கல்யாணமான பதினொரு வருஷத்தில் நீங்கள் சொல்லவில்லை, அவர் சொன்னார்.

ஆக, குற்றம் மைக்குடையது. மைக் உங்களுடையது.

பி.கு: உப்பு டப்பாவை ஒளித்து வைத்த இடம் எப்சிபாவுக்கு மட்டுமே தெரியும். சின்ன செட் அவள் பையில். ரேடியோவில் பேச லைசென்ஸ் இல்லாததால் பதில் பேசமாட்டாள், கேட்டுக்கொண்டிருப்பாள். புது மைக்கில் மன்னிப்புக் கேளுங்கள். புளியறை வரைக்கும் கேட்கும், கேட்கட்டும்.

ஓவர்.