மூன்றாவது அழைப்பு

உப்பளம், புதுச்சேரி
1959

அன்புள்ள அண்ணா,

சைகோனிலிருந்து நீ அனுப்பிய டேப் ரிக்கார்டரைப் பார்க்க என் கல்லூரியே வீட்டுக்கு வந்துவிட்டது. காக்கை, சைக்கிள் மணி, அப்பாவின் குறட்டை என்று எதையும் நான் பதிவு செய்யாமல் விடவில்லை.

நாடாவில் நீ பேசி அனுப்பியிருந்தது "அம்மா" என்ற ஒரே வார்த்தைதான். அதைப் போட்டதும் அம்மா என் வாயைப் பொத்தினாள். "பதில் குடுக்காதடா. மூணு தடவ கூப்பிட்டாத்தான் மனுசன். பேய் ரெண்டோட நிறுத்திடும்."

சிரித்துக்கொண்டே, மூன்று தடவை போட்டுக் காட்டட்டுமா என்று கேட்டேன்.

"நீ போட்டா கணக்குல சேராது" என்றாள்.

அதன் பிறகு உன் கடிதமே இல்லை. தபால் தாமதம் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

நேற்று நண்பகலில் தெருவிலேயே கரண்ட் இல்லை. பெட்டியைத் துடைப்பதற்காக நாடாச் சுருளைக் கழற்றிக் கையில் வைத்திருந்தேன். அந்த வெறும் பெட்டியிலிருந்து "அம்மா" என்று உன் குரல் வந்தது. சற்றுப் பொறுத்து மறுபடியும் வந்தது.

அடுப்படியிலிருந்து அம்மா வந்தாள். பதில் சொல்லாமல் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தாள். இன்னும் எழுந்திருக்கவில்லை.

நானும் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கடிதம் போடாவிட்டாலும் பரவாயில்லை அண்ணா. இன்னும் ஒரே ஒரு தடவை கூப்பிட்டுவிடு.

உன் தம்பி