சாம்பவி எழுதிய மூன்று வசனங்கள்

1997 மார்ச் 2, ஞாயிறு

இன்றும் தமிழ் வகுப்புக்குப் பதினொரு பிள்ளைகள் வந்தார்கள். படிக்க ஒருவரும் வரவில்லை.

பாதிரியார் இரக்கப்பட்டுத் தந்த அறை. ஈரச்சுவர், பழைய மெழுகுதிரி வாசம், யன்னலுக்குக் கீழே பல்லரோச் சந்தை மீன்காரனின் தொண்டை. அதற்குள் நின்று மூன்று வருடமாக அதே பாடப்புத்தகத்தின் போட்டோக்கொப்பியைப் படிப்பிக்கிறேன். அதே நெல்வயல், அதே பசுமாடு. இந்தப் பிள்ளைகள் மாட்டைக் கண்டது இறைச்சிக்கடைக் கொளுக்கியில். நான் பலகைப் பக்கம் திரும்பினால் போதும், தங்களுக்குள் இத்தாலியனில் கதைத்துச் சிரிக்கிறார்கள். என்னைப் பற்றித்தான் என்று நினைக்கிறேன்.

ரதியின் மகள் சாம்பவிக்கு எட்டு வயது. வாயே திறக்கமாட்டாள். இன்று கோடு போடுகிற அடிமட்டத்தால் விரலில் ஒன்று போட்டேன். அழவில்லை. விரலை மடக்கி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கல்லுப் பிள்ளை.

ரதியும் நானும் அல்பெர்கேரியாப் பகுதியில் ஒரே வீட்டில் ஆளுக்கு ஒரு அறை. குசினி பொது. கறிக்குத் தாளிக்கும்போது கேட்டாள், "என்ன அக்கா, என்ர பிள்ளைக்கு மண்டையிலை ஏதும் ஏறுதோ?" ஏறும், ஏறும் என்றேன். பொய். ரதி பார்ப்பது படுக்கையில் கிடக்கும் ஒரு கிழவரை. ஊருக்கு எழுதும்போது அது மேசைக்கு முன்னால் இருந்து செய்கிற கந்தோர் வேலை. இங்கே இருக்கிற எல்லோரும் ஊருக்குக் கந்தோரில்தான் வேலை செய்கிறோம்.

நான் பயிற்றப்பட்ட ஆசிரியை. ஆசிரியர் கலாசாலையில் கற்பித்தலுக்கு முதல் வகுப்பில் தேறியவள். இப்போது கிழமை முழுக்க வீடு துடைக்கிறேன், ஞாயிறு அதே கையால் சோக்கட்டி பிடிக்கிறேன். இரண்டையும் ஒரே மாதிரித்தான் செய்கிறேனா? முடிந்தால் போதும் என்று? விட்டுவிடலாம். ஆனால் விட்டால் நான் யார்?

மார்ச் 6, வியாழன்

பொலிதேயாமா அரங்குக்குப் பக்கத்தில் நான் வேலை செய்யும் வீட்டுக்காரி, சிஞோரா எமிலியானா, ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவ. அவவின் மேசையைத் தூசி தட்டும்போது பிள்ளைகள் எழுதிய தாள்கள் கிடந்தன. ஒன்றை எழுத்துக்கூட்டி வாசித்தேன். எங்கள் நாய் செத்தது. அப்பா அழவில்லை. நான் அழுதேன்.

ஏழு வயதுப் பிள்ளை. பார்த்து எழுதினதல்ல. என் பிள்ளைகள் ஒருநாளாவது இப்படி எழுதியதுண்டா? எப்படி எழுத வைக்கிறா?

மத்தியானம் சிஞோரா வந்ததும் கேட்டேவிட்டேன். நானும் ரீச்சர்தான் என்று சொன்னேன். "மெய்யாகவா? உன்னைப் பார்த்தால் தெரியாதே!" என்று சிரித்தா. பிறகு, "ஒருநாள் என் வகுப்புக்கு வந்து பாரேன்" என்றா. அந்தச் சிரிப்பை விழுங்கிக்கொண்டேன். வகுப்பைப் பார்க்கலாம் அல்லவா.

ஏப்ரல் 10, வியாழன்

அரக்குச் சேலை கட்டினேன். புதுக் கொப்பி, பேனை. கண்ணாடியில் பார்த்தபோது பழைய மலர் ரீச்சர் நின்றா.

வகுப்பில் சிஞோரா என்னை முன்னால் நிறுத்தி, "இது மலர். என் வீட்டைப் பளபளவென்று வைத்திருப்பவள்" என்றா. பிள்ளைகள் கைதட்டினார்கள். கடைசி வரிசையில் ஒரு சின்னக் கதிரை தந்தா. முழங்கால் நாடியில் முட்ட இருந்தேன்.

பாடம் இவ்வளவுதான். நேற்று உங்களுக்கு நடந்தது ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்கிறா. பிள்ளை சொன்னதை, சொன்ன சொல்லிலேயே பலகையில் எழுதுகிறா. அந்தப் பிள்ளை எழுந்து வாசிக்கிறது. தன் சொல் என்றபடியால் திக்காமல் வாசிக்கிறது. பிறகு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுகிறார்கள். கலாசாலையில் இரண்டு வருடம் இருந்தேன், இதை ஒருவரும் சொல்லித்தரவில்லை.

நடுவில் ஒரு பெடியன் பெயின்ற் டப்பாவைத் தட்டி ஊற்றினான். சிஞோரா என் பக்கம் திரும்பவுமில்லை. "மலர்" என்றா, அவ்வளவுதான். நான் எழுந்துவிட்டேன். அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை, யோசிக்க முதலே எழுந்துவிட்டேன். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நிலத்தைத் துடைத்தேன். துடைத்துக்கொண்டே மிச்சப் பாடத்தையும் கேட்டேன், ஒன்றையும் விடவில்லை. பஸ்ஸில் அழுதேன். அழுதபடியே குறிப்பும் எழுதினேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

அடிமட்டத்தை அலுமாரிக்குள் போட்டுப் பூட்டினேன். போட்டோக்கொப்பியையும்.

"நேற்று வீட்டிலை என்ன நடந்தது? சொல்லுங்கோ, எழுதுவம்." கடைசியில் பள்ளிக்கூடத் தலைவர் பேரின்பநாயகத்தாரின் கடைக்குட்டி மகன் கை தூக்கினான். "ரீச்சர், நல்லதாச் சொல்லுறதோ, மெய்யாச் சொல்லுறதோ?"

மெய்யாகத்தான் என்றேன். அதற்குப் பிறகு ஒருவரையும் நிறுத்தமுடியவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

சாம்பவி ஒரு சொல் சொன்னாள். மழை.

மே 18, ஞாயிறு

இப்போதெல்லாம் சனி இரவே மனம் துள்ளத் தொடங்குகிறது. பஸ்ஸில் குறிப்பு எழுதுகிறேன், கக்கூஸ் உரஞ்சும்போது அடுத்த பாடத்தை யோசிக்கிறேன். இந்த வயதில், இந்த ஊரில், நான் ஒரு நல்ல ஆசிரியையாக வருகிறேன் என்று நினைக்கும்போது வெட்கமாகக்கூட இருக்கிறது. சாம்பவி நாலு சொல் சேர்த்துச் சொல்கிறாள். ரதி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, என்ன மருந்து குடுத்தனீங்கள்?" என்றாள்.

இன்று தலைவர் பேரின்பநாயகம் வகுப்புக்கு வந்தார். பல்லரோவில் அரிசி, மா, தூள், வாடகைக்கு வீடியோக் கசெற் எல்லாம் வைத்திருக்கிற கடைக்காரர். கடை வைத்திருப்பதால் பள்ளிக்கூடத்துக்கும் தலைவர். கொஞ்ச நேரம் வாசலில் நின்றார். "என்ன ரீச்சர், பிள்ளையள் கதைச்சுக்கொண்டிருக்குதுகள்? படிப்பு எப்ப?"

"விஜயதசமிக்கு வந்து பாருங்கோ" என்றேன்.

"ஓம், ஓம். அண்டைக்கு வீடியோ எடுப்பம். ஊருக்கும் கனடாவுக்கும் அனுப்ப வேணும். எங்கட பிள்ளையள் என்னமாதிரி இருக்குதுகள் எண்டு சனம் பாக்கட்டும்."

பார்க்கட்டும்! நானும் அதைத்தான் விரும்புகிறேன்.

செப்ரெம்பர் 28, ஞாயிறு

இந்தத் திகதியை மறக்கமாட்டேன். சாம்பவி தானாக எழுதினாள். நான் ஒரு சொல்லும் எடுத்துக் கொடுக்கவில்லை. அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்.

அம்மா ஒரு தாத்தாவைக் கழுவுறா. அந்தத் தாத்தா அம்மாவுக்கு அடிக்கிறார். வீட்டை வந்து அம்மா எனக்கு அடிக்கிறா.

மூன்று வசனம்! ஒன்றிலிருந்து ஒன்று எவ்வளவு ஒழுங்காக வருகிறது. மார்ச்சில் வாய் திறக்காத பிள்ளை. கட்டிப்பிடித்துக் கொஞ்சினேன். சுவரில் எல்லோருடையதும் வரும், சாம்பவியுடையது நடுவில்.

ஒக்டோபர் 12, ஞாயிறு

நேற்று விஜயதசமி. எல்லோருக்கும் லீவு இன்றுதான், அதனால் இன்று கொண்டாடினோம்.

நடந்ததை ஒழுங்காக எழுதவேண்டும்.

சரஸ்வதி படம், அவல், கடலை, பட்டுச்சேலைகள். ஏடு தொடக்க மூன்று குழந்தைகள் வந்திருந்தன. அரிசித்தட்டு என் முன்னால். குழந்தையை மடியில் வைத்து விரலைப் பிடித்து அரிசியில் முதல் எழுத்தை எழுதுவிக்கிற ஆள் நான். போன வருடமும் நான்தான்.

நகுலேஸ்வரன் கமெராவைத் தோளில் தூக்கிக்கொண்டு முதலில் சுவரை எடுத்தார். ஊரில் கடையொன்றில் கணக்கு எழுதினவர், நல்ல குரல். ரேடியோக்காரர் மாதிரி, "இவை எமது மாணவச் செல்வங்களின் ஆக்கங்கள்" என்று தொடங்கினார். ஒவ்வொன்றாக உரத்து வாசித்துக்கொண்டு போனார். அப்பா கடையிலை பழைய மாவுக்குப் புதுத் திகதி ஒட்டுறவர். அது தலைவரின் மகனுடையது. ஆரோ சிரித்தார்கள். நகுலேஸ்வரனுக்கு வாய் நிற்கவில்லை, அடுத்ததுக்குப் போய்விட்டார். சாம்பவியின் மூன்று வசனமும் அந்தக் குரலில், அந்தச் சபையில், கனடாவுக்குப் போகிற கசெற்றில்.

ரதி எழுந்து வந்து தாளைக் கிழித்தாள். என்னைப் பார்த்து, "என்ர சோத்துக்கை மண்ணைப் போட்டிட்டியே" என்றாள். என்னை அக்கா என்றே கூப்பிட்டவள்.

தலைவர் ஒன்றும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். குனிந்து என் முன்னாலிருந்த அரிசித்தட்டைத் தூக்கினார். அறையின் மற்றப் பக்கம் போய்ச் சப்பாணி கட்டி இருந்துகொண்டு, "பிள்ளையளைக் கொண்டு வாங்கோ" என்றார். மூன்று தகப்பன்மாரும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு என்னைக் கடந்து போனார்கள். நான் விரித்த மடியோடு இருந்தேன். எழும்பவும் தெரியவில்லை.

பின்னேரம் ரதியின் அறைக்குள் அடி விழுகிற சத்தம். சாம்பவி அழுகிற சத்தம் இல்லை. நான் கதவடி வரை போனேன். போய் என்னத்தைச் சொல்ல? திரும்பி வந்து இதை எழுதுகிறேன்.

ஒக்டோபர் 13

ரதி என் கறிச்சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி நிலத்தில் வைத்துவிட்டுத் தன்னுடையதை ஏற்றினாள்.

ஒக்டோபர் 16, வியாழன்

சிஞோராவிடம் சொன்னேன். "பிராவா!" என்று கைதட்டினா. "எவ்வளவு அருமையான மூன்று வசனம்! நீ அஞ்சாதே. உண்மையை எழுதிய பிள்ளையைக் கொண்டாட வேண்டும். உங்கள் ஆட்களுக்குத்தான் விளங்கவில்லை."

நாய் செத்ததை எழுதுகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு உண்மை மலிவு. அதை எனக்கு இத்தாலியனில் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பிள்ளைக்கு இப்போது என்ன நடக்கிறது என்று சிஞோரா கேட்கவில்லை. செப்ரெம்பரில் நானும் கேட்கவில்லை. வசனத்தைப் பார்த்தேன், பிள்ளையைப் பார்க்கவில்லை. பிறகு சிஞோரா யன்னல் கண்ணாடிகளை இன்றே துடைத்துவிடச் சொன்னா.

ஒக்டோபர் 19, ஞாயிறு

வகுப்பை நகுலேஸ்வரனுக்குக் கொடுத்துவிட்டார்கள். சந்தையில் வெங்காயம் வாங்குகிற சாட்டில் யன்னலுக்குக் கீழே நின்றேன். எல்லோரும் சேர்ந்து பசுமாட்டுப் பாடத்தைக் கத்துகிறார்கள்.

நவம்பர் 2, ஞாயிறு

இந்த ஊரில் இன்று செத்தவர்களின் நாள். செத்தவர்கள் வந்து பிள்ளைகளுக்கு இனிப்பு வைத்துவிட்டுப் போவார்களாம். சீனியில் செய்த பொம்மை ஒன்று வாங்கிச் சாம்பவியின் சப்பாத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். வேலையால் வந்தபோது குப்பைக்கூடையில் கிடந்தது, தலை இல்லாமல். தாய் எறிந்தாளா, பிள்ளை எறிந்ததா தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரு வீடு பிடித்துவிட்டேன். இனி ஏழு நாளும் துடைப்பு.

நவம்பர் 9, ஞாயிறு

தலைவர் வந்தார். நகுலேஸ்வரன் வேலை கிடைத்து மிலானோவுக்குப் போய்விட்டாராம். குசினிக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு சொன்னார்.

"வகுப்பைத் திரும்ப எடுங்கோ ரீச்சர். ஆனா சுவரும் வேண்டாம், கதையும் வேண்டாம். அந்தக் கசெற்றை அழிச்சாச்சு. புதுசா எடுக்கவேணும். பிள்ளையள் தாய் தேப்பனைப் பற்றி வடிவா எழுதி வாசிக்கட்டும். என்ன எழுதுறது எண்டு நான் சொல்லுறன்." ஒரு மிடறு குடித்தார். "முதல்லை சாம்பவி வாசிக்கவேணும். ரதி அப்பிடித்தான் கேக்கிறா."

"நான் மாட்டன் எண்டால்?"

"மாட்டன் எண்டால் வீடு துடையுங்கோ. இஞ்சை நாங்கள் எல்லாரும் அதுதானே செய்யிறம்."

அவர் கோப்பையைக் கீழே வைக்க முதல் ஓம் என்றேன். பெயின்ற் ஊற்றின அன்று எழுந்த அதே மாதிரி.

நவம்பர் 16, ஞாயிறு

அலுமாரியைத் திறந்து அடிமட்டத்தை எடுத்தேன். பிள்ளைகள் அதைப் பார்த்தார்கள். கைகளை மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டார்கள்.

பலகையில் எழுதினேன்: என் தாயார் அலுவலகத்தில் பணிபுரிகிறார். அவர் என்னை அன்புடன் வளர்க்கிறார். நான் அவருக்குப் பெருமை சேர்ப்பேன்.

சாம்பவி நெடுநேரம் பலகையைப் பார்த்தாள். பிறகு கேட்டாள், "இது ஆரின்ர அம்மா ரீச்சர்?"

பகிடிக்குக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். தலைவர் வாசலில் நின்றார்.

"உன்ர அம்மா" என்றேன்.

"இல்லை ரீச்சர்."

விரலில் போட்டேன். எழுதுகிற கையில் அல்ல, மற்றக் கையில். அவ்வளவுக்கு இரக்கம் இருந்தது எனக்கு! தலைவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

நவம்பர் 23, ஞாயிறு

சாம்பவி மூன்றையும் பார்க்காமல் எழுதினாள்.

டிசம்பர் 7, ஞாயிறு

வீடியோ எடுத்தார்கள். சாம்பவி பட்டுப்பாவாடை, நெற்றிச்சுட்டி. கமெராவை நேரே பார்த்து, ஒரு சொல்லும் பிசகாமல் சொன்னாள். என் இருபது வருடத்தில் இவ்வளவு திருத்தமாக ஒரு பிள்ளை சொல்லிக் கேட்டதில்லை.

ரதி அழுதாள். என் கையைப் பிடித்து, "அக்கா, மனசிலை ஒண்டும் வைச்சிருக்காதேங்கோ" என்றாள். வீட்டுக்கு வந்தபோது என் சட்டி அடுப்பில் இருந்தது, அவளே கறி வைத்திருந்தாள். பசியில் நன்றாகச் சாப்பிட்டேன். தைப்பொங்கலுக்கு எனக்குப் பொன்னாடை போர்த்துவதாகத் தலைவர் சொல்லியிருக்கிறார்.

டிசம்பர் 14, ஞாயிறு

மழை. தலைவர் கடையில், வரமாட்டார். வகுப்புக் கதவைச் சாத்தினேன். "இண்டைக்கு ஒருத்தருக்கும் காட்டத் தேவையில்லை. நேற்று நடந்ததை எழுதுங்கோ, மெய்யா" என்றேன்.

எல்லோரும் குனிந்தார்கள். சாம்பவி மட்டும் பென்சிலைப் பிடித்தபடி நிமிர்ந்து இருந்தாள். பக்கத்தில் போனேன். மேசையில் வைத்திருந்த கையில், மணிக்கட்டுக்கு மேலே, புதிதாக நீலம் பாரித்த கண்டல். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

"எழுதன் பிள்ளை."

"நீங்கள் சொல்லுங்கோ ரீச்சர், நான் எழுதுறன்."

காத்திருந்தாள். கோபமில்லை, பயமில்லை. சொல்வதை எழுதத் தயாராக இருக்கிற நல்ல மாணவி.

நேற்று வீட்டில் எல்லோரும் மகிழ்ச்சியாக இருந்தோம் என்று சொன்னேன். எழுதினாள். பிழை ஒன்றும் இல்லை. கீழே சிவப்புப் பேனையால் மிக நன்று என்று போட்டுக் கையெழுத்து வைத்தேன்.