விழுங்காத குளிசைகள்

மச்சாள்,

இன்று காலை கிளினிக்கிலிருந்து வந்த டிலானி கைப்பையை மேசையில் கவிழ்த்தாள். இரும்புச்சத்துக் குளிசைப் பொட்டலம் விழுந்து அவிழ்ந்தது. துருப்பிடித்த ஆணியின் மணம். இருபத்தைந்து வருடமாகியும் அந்த மணம் எனக்கு மறக்கவில்லை. என் மகளுக்கு இப்போது ஆறாம் மாதம். இரத்தம் மிகவும் குறைந்துவிட்டதென்று அட்டையில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். குளிசையை ஒழுங்காகப் போடுகிறாயா என்று கேட்டேன். "ஓம் அம்மா" என்றாள், என் முகத்தைப் பாராமலே.  நான் உங்களுக்குச் சொன்ன ஓம் அது.

அவளை நான் வயிற்றில் சுமந்த நாட்களில் உங்கள் தம்பி அனேகமாகக் கடலில்தான். பேசாலை வீட்டில் என்னைப் பார்த்துக்கொண்டது நீங்கள். கருவாடு காயப்போடும் வாடியில் வேலை முடித்து வந்து, கை கழுவிய ஈரம் காயுமுன் கேத்திலை அடுப்பில் வைப்பீர்கள். தேநீர் இருதயத்துக்கு நல்லது, கொழுப்பைக் கரைக்கும், பல்லுக்கு உறுதி என்று பத்திரிகையில் வந்த துண்டொன்றைக் குசினிக் கதவில் ஒட்டியிருந்தீர்கள். தலையிடிக்கு இஞ்சி போட்டது, வயிற்றுக் குழப்பத்துக்குச் சீனியில்லாத கடும் சாயத் தேநீர். "ஒரு கோப்பை உள்ளுக்குப் போனா அரைவாசி வருத்தம் போயிடும் பிள்ளை" என்பீர்கள். ஒவ்வொரு மத்தியானமும் சோற்றுக்குப் பிறகு குளிசையை என் உள்ளங்கையில் வைத்து, விழுங்குவதற்குத் தேநீரை நீட்டுவீர்கள். விழுங்கிவிட்டாயா என்று கேட்பீர்கள். ஓம் என்பேன்.

நான் விழுங்கவில்லை, மச்சாள். குளிசையை நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு தேநீரை மட்டும் குடிப்பேன். பிறகு கிணற்றடிக்குப் போய்த் துப்பி, காலால் மணலைத் தள்ளி மூடிவிடுவேன். விழுங்கினால் குமட்டிச் சத்தி வந்தது, நாள் முழுக்க வாயில் இரும்பு ருசித்தது. இன்றைக்கு மட்டும் என்று தொடங்கியது, நாலு மாதமாயிற்று.

பிள்ளை பிறந்த அன்று எனக்கு இரத்தம் நிற்கவில்லை. மேலே சுழன்ற ஃபான் தூரத் தூரப் போவதுபோல் இருந்தது. கதவுக்கு வெளியே உங்கள் குரல் கேட்டது. "என்ர இரத்தத்தை எடுங்கோ. எவ்வளவெண்டாலும் எடுங்கோ." விரலில் குத்திப் பார்த்து, உங்களுக்கே இரத்தம் போதாதென்று உங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். வாடியில் உங்களோடு வேலை செய்த இரண்டு பேர் ஓடி வந்து கொடுத்தார்கள். கால் விரல்கள் குளிர்ந்துகொண்டு வந்ததும், பிள்ளையின் முகத்தைப் பாராமலே போகப்போகிறேன் என்று நினைத்ததும் இன்னும் உடம்பில் இருக்கிறது.

மூன்றாம் நாள், குளிசையை எதோடு கொடுத்தீர்கள் என்று தாதி உங்களைக் கேட்டார். சொன்னீர்கள். அவர் ஏசவில்லை. தேநீர் நல்லதுதான், ஆனால் சாப்பாட்டோடும் இந்தக் குளிசையோடும் குடித்தால் இரும்பை உடம்பில் சேரவிடாது, ஒரு மணித்தியாலமாவது தள்ளிக் குடிக்க வேண்டும் என்று விளங்கப்படுத்தினார். உங்கள் இரத்தமும் அதனால்தான் குறைந்திருக்கலாம் என்றார். உங்கள் முகம் வெளிறிப்போனது.

"அப்ப நான்தான் உன்னைச் சாகக் குடுக்கப் பாத்தனான்" என்றீர்கள்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் உங்கள் தம்பி என்ன நினைப்பார், நீங்கள் இனி என்னைத் தொடுவீர்களா என்ற பயம்.

அதற்குப் பிறகு நீங்கள் தேநீரைத் தொடவேயில்லை. முதல் கிழமை முழுவதும் தலையிடியால் சுருண்டு கிடந்தீர்கள். கதவில் இருந்த பத்திரிகைத் துண்டைக் கிழித்தீர்கள். திருநாள் வீட்டிலும் செத்த வீட்டிலும் கோப்பையை நீட்டுகிறவர்களிடம் சுடுதண்ணீர் போதும் என்பீர்கள். பாவசங்கீர்த்தனத்தில் பாதரிடம் சொல்லியும் மனம் ஆறவில்லை என்று ஒருமுறை என்னிடமே சொன்னீர்கள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. போன வருடம் ஆஸ்பத்திரியில், உங்கள் கடைசிக் கிழமையில், என் கையைப் பிடித்தீர்கள்.

"டிலானிக்கு ஒரு பிள்ளை வரேக்க நீயே பக்கத்தில நிண்டு பார். என்னை மாதிரி ஆரிட்டையும் விட்டிடாத."

நாம் இருவர் மட்டும்தான் இருந்தோம். சொல்லியிருக்கலாம். படுக்கையை விட்டு எழும்ப ஏலாத உங்களுக்கும் நான் பயந்தேன்.

இன்று மகளை இருத்தி எல்லாவற்றையும் சொன்னேன். கிணற்றடி மணலையும் சொன்னேன்.  அவள் எழும்பி அலுமாரியைத் திறந்து, உடுப்புகளுக்கு அடியிலிருந்து பிரிக்காத பொட்டலங்கள் மூன்றை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"போடேலாமக் கிடக்கு அம்மா. சத்தி வருது."

ஏசுவதற்கு எனக்கு ஏது வாய்? நாளைக்கே கிளினிக்குக்குப் போய் உள்ளதைச் சொல்லுவோம், வேறு குளிசையாவது தருவார்கள் என்றேன். தலையாட்டினாள். அறைக்குள் போகப் போனவள் நின்று திரும்பி, உங்களைப் பற்றிக் கேட்டாள்.

"மாமிக்கு இது தெரியுமோ?"

"தெரியாது" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையைத் தாங்கமுடியாமல் நான் பொட்டலங்களை எடுத்து அடுக்கினேன்.

பிறப்புக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, மச்சாள். அதற்குள் அவளுக்கு இரத்தம் ஏறுமா என்ற பயம் நெஞ்சில் ஒரு பக்கம். என்றைக்கோ ஒரு நாள் உங்கள் முன்னால் வந்து நிற்க வேண்டும் என்ற பயம் மறுபக்கம். நான் விழுங்காத குளிசையை எந்தத் தேநீரும் கெடுத்திருக்க முடியாது. இந்த ஒரு வசனத்தை உங்கள் காது கேட்கச் சொல்ல எனக்கு இருபத்துநாலு வருடம் இருந்தது.