சிவப்புக் கோடு விழுந்த வரி

இன்று மத்தியானம் வேதாகமத்தின் துணி உறையைத் துவைக்கலாம் என்று கழற்றியபோது உம்முடைய சிவப்புப் பென்சில் கீழே விழுந்தது. சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. நீர் யோசிக்கும்போது கடித்த பல் தடம் அதன் முனையில் அப்படியே இருக்கிறது. நாளைக்கு நான் பிரசங்கம் செய்ய வேண்டும். எழுதிய தாள் மேசையில் கிடக்கிறது. எனக்கோ உட்கார்ந்தால் எழுந்திருக்க மனமில்லை, எழுந்தால் உட்கார மனமில்லை. ஞாயிறு தவறாமல் பேசிப் பேசி அலுத்துவிட்டது. நீர் காலமாகி மூன்று மாதம் ஆகிறது.

ஜெபத்தில் கடவுளை ‘நீர்’ என்பேன். மனுஷரில் உம்மை மட்டும்தான் அப்படி அழைத்திருக்கிறேன். நீர் என்னை ‘ஓய்’ என்று கூப்பிட்டால் பதிலுக்கு வேறு எப்படித்தான் அழைப்பது? நெற்றி நிறையத் திருமண் இட்ட ஒருவர் பாதிரியாரை ‘ஓய்’ என்று கூப்பிடுவதைக் கேட்டு எங்கள் சபையார் முதலில் முகம் சுளித்தார்கள். பிறகு பழகிவிட்டது.

நாம் சண்டையில்தான் அறிமுகமானோம். எழுபதுகளின் தொடக்கம். எங்கள் சபைப் பத்திரிகையை மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் இருந்த அச்சகத்தில் கொடுத்திருந்தோம். நீர் அங்கே ப்ரூப் பார்த்துக்கொண்டிருந்தீர். ஊரைவிட்டு ஓடிப்போன மகன் திரும்பி வந்த கதையைப் பற்றிய என் பிரசங்கம் அதில் வந்தது. வாசலில் நின்று அழுத தாயைப் பற்றி ஒரு பத்தி உருக்கமாக எழுதியிருந்தேன். அதன் பக்கத்தில் சிவப்பில், ‘தாயார் மூலத்தில் இல்லை’ என்று எழுதித் திருப்பி அனுப்பியிருந்தீர். நேரே வந்து கத்தினேன். அச்சுக் கோர்ப்பவரிடம் இரவல் வாங்கிய வேதாகமத்தை நீர் என் முன்னால் விரித்து வைத்தீர்.

“அப்பா இருக்கார், ரெண்டு பிள்ளை இருக்கான், கன்னுக்குட்டிகூட இருக்கு. அம்மா எங்கே ஓய்?”

அவமானத்தில் காது சுட்டது. ஆனால் அடுத்த சனிக்கிழமை ஒன்றாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்து, நாளைக்குப் பேசவேண்டியதைக் கையில் எடுத்துக்கொண்டு, ஸ்ரீரங்கத்தில் உம் வீட்டுக்கு வந்து நின்றவனும் நான்தான்.

அப்படித்தான் நம் வழக்கம் உண்டாயிற்று. அச்சகத்தில் ஒருவர் மூலத்தை உரக்க வாசிக்க, இன்னொருவர் ப்ரூப்பில் விரல் வைத்துக்கொண்டே வருவாரே, அதே முறை. நீர் வேதபாகத்தை இரண்டு தடவை, ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசிப்பீர். நான் என் தாளில் விரலை ஓட்டி, அதில் இல்லாமல் நானாகச் சேர்த்ததன் கீழே சிவப்புக் கோடு போடுவேன். சில வாரம் தாள் முழுக்கச் சிவந்து போகும். உம் வீட்டு அம்மாள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, “பாவம், இன்னிக்கும் ஃபெயிலா?” என்று கேட்டுவிட்டுப் போவார்.

இதையெல்லாம் நம்பாத உமக்கு ஏன் இந்தப் பாடு என்று ஒருமுறை கேட்டேன். “நம்பறவாளுக்கு அடுத்த வரி தெரியும் ஓய். அதனால இந்த வரியைக் கேக்க மாட்டா. நேக்குத் தெரியாது, அதனால கேக்கறேன்” என்றீர். அந்த வார்த்தை எனக்குள் எவ்வளவு தைத்தது என்று உம்மிடம் சொன்னதில்லை.

அப்புறம் வெள்ளம் வந்த வருஷம். உறையூரில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர். எங்கள் ஆலயம் மேட்டில் இருந்ததால் தப்பியது. நான் ஐந்து நாள் கஞ்சி ஊற்றி, துணி கொடுத்து, சேற்றில் நடந்து, உடம்பு ஒடிந்துபோயிருந்தேன். அந்த ஞாயிற்றுக்குப் பாறைமேல் வீடு கட்டியவன், மணல்மேல் வீடு கட்டியவன் கதையை எடுத்துக்கொண்டேன். வார்த்தையைக் கேட்டு அதன்படி செய்தவன் வீடு பாறைமேல் நின்றது, கேட்டும் செய்யாதவன் வீடு மணல்மேல் விழுந்தது என்கிற கதை. விசுவாசமுள்ளவன் வாசலுக்கு வெள்ளம் வராது, மலைக்கோட்டையைத் தண்ணீர் தொட்டதா என்று எழுதியிருந்தேன். சனிக்கிழமை உம் வீட்டுக்கு வந்தபோது கூடமெல்லாம் நனைந்த புத்தகங்களை விரித்துக் காயவைத்திருந்தீர். அவற்றை ஒதுக்கி எனக்கு இடம் செய்து, வழக்கம்போல இரண்டு தடவை வாசித்தீர்.

“ஓய், ரெண்டு வீட்டு மேலேயும்தான் மழை பெஞ்சிருக்கு. வெள்ளமும் ரெண்டுக்கும் வந்திருக்கு. நீர் ஒண்ணை விட்டுட்டீர்.”

“ஜனங்க நொந்து போயிருக்காங்க. அவங்களுக்கு ஒரு தெம்பு வேணும்.”

“தெம்பு குடும். இல்லாததைக் குடுக்காதேயும்.”

“சேத்துல நின்னவன் நான். நீர் உக்காந்து வாசிக்கிறவர்” என்று சொல்லிவிட்டுக் காபியைத் தொடாமல் எழுந்து வந்தேன். நனைந்த புத்தகங்களைத் தாண்டித்தான் வந்தேன் என்பதுகூட அப்போது உறைக்கவில்லை.

எழுதியதை அப்படியே பேசினேன். ஆராதனை முடிந்ததும் உறையூர் சாராள் என்னிடம் வந்தாள். தறி நெய்கிறவள். வீடு நின்றது. நூல் மூட்டையை எடுக்கக் குனிந்த புருஷனைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. நான்தான் அடக்கம் செய்திருந்தேன். அவள் அழவில்லை.

“அப்ப அவருக்கு விசுவாசம் இல்லைங்களா ஐயா?” என்று மட்டும் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலை உம்மிடம் வந்து நின்றேன். அன்றே சொன்னேனே என்று நீர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். “என்னண்ட சொல்லி என்ன பிரயோஜனம்? கிளம்பும்” என்று சட்டையை மாட்டிக்கொண்டீர்.

சாராள் வீட்டுச் சுவரில் தண்ணீர்க் கறை கழுத்துக்கு மேலே இருந்தது. தறிக்குழியில் இன்னும் சேறு. சாராள் நம்மை உட்காரச் சொல்லவில்லை. நான் வேதாகமத்தைத் திறந்தேன். நீர் அதை என் கையிலிருந்து வாங்கி, அந்தச் சேற்றில் நின்றபடி இரண்டு தடவை வாசித்தீர்.

“ரெண்டு வீட்டுக்கும் வந்துச்சுங்களா?” என்று கேட்டாள்.

“ரெண்டுக்கும்தான் அம்மா. போனவாளைப் பத்தி இதுல நல்லதாவோ கெட்டதாவோ ஒரு வார்த்தையும் இல்லை.”

“நான் சொன்னது இதுல இல்லைம்மா. நானா சேத்தது” என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். “எங்கிட்ட சொல்லிட்டீங்க. அத்தனை பேரும் கேட்டாங்களே ஐயா. அங்க சொல்லுங்க.”

அடுத்த ஞாயிறு சொன்னேன். சபையில் சிலருக்குப் பிடிக்கவில்லை, பாதிரியாரே தப்பு என்றால் யாரை நம்புவது என்று பேசிக்கொண்டார்கள். சாராள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நீர் வெளியே வேப்பமரத்தடியில் செருப்போடு நின்று கேட்டீர், முடிந்ததும் தலையை ஆட்டிவிட்டு பஸ்ஸுக்குப் போனீர்.

இப்போது எண்பதுகளே முடியப் போகின்றன. உம் கண்ணில் புரை விழுந்து வாசிக்க முடியாமல் போன நாளிலிருந்து சனிக்கிழமைதோறும் எனக்கு வாசிப்பது வேறு யார்? சாராள்தான். நீர் சொல்லித்தானே அவளைக் கேட்டேன். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள், அதனால் ஒரு வார்த்தையும் தப்புவதில்லை.

நாளைக்கு அதே பாறை வீடு, மணல் வீடு வேதபாகம் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது. போன வாரம் சபையில் ஒரு வாலிபன், “உங்க சினேகிதர் ரட்சிக்கப்படாமலே போயிட்டாரேய்யா” என்றான். நல்ல பையன், வருத்தப்பட்டுத்தான் சொன்னான். எனக்கு நெஞ்சு கொதித்தது. அந்தக் கொதிப்பில் பிரசங்கத்தின் கடைசியில் உம்மைப் பற்றி ஒரு வரி எழுதினேன். இவ்வளவு வருஷத்தில் நான் எழுதியதிலேயே நல்ல வரி அதுதான்.

சாயங்காலம் சாராள் வந்தாள். இரண்டு தடவை வாசித்தாள். உம் பென்சிலோடு விரலை ஓட்டிக்கொண்டே வந்தவன் அந்த வரியில் நின்றேன். அப்புறம் கோடு போட்டேன்.

“அவரைப் பத்தினதாச்சே, அதை ஏன் ஐயா அடிக்கிறீங்க?”

“இதுல இல்லைம்மா.”

“அந்தத் தம்பி சொன்னது இதுல இருக்குங்களா?”

“அதுவும் இல்லை.”

“அப்ப ரெண்டு பேரும் சும்மா இருங்க” என்று சொல்லிவிட்டு, வேதாகமத்தை மூடி வைத்துவிட்டுப் போனாள்.

அவள் போனபின் அழுதேன் ஓய். களைப்பாக இருக்கிறது. உம்மைக் கொண்டாடி ஒரு வரி சொல்லக்கூட எனக்கு வாய்ப்பில்லாமல் பண்ணிவிட்டுப் போயிருக்கிறீர். ஆனால் இது பிரசங்கம் இல்லை, மடல். இங்கே நான் சேர்க்கலாம். அடித்த வரி இதுதான்: ‘ஸ்ரீரங்கத்தில் ஒருவர் இருந்தார். இந்த வார்த்தைகளைக் கேட்டார், கேட்டபடி செய்தார், அவர் வீடு நிற்கிறது.’

நாளைக்கு இதைச் சொல்ல மாட்டேன்.