எஃப்.சி.க்கு இரவல் போன டயர்கள்

இன்று காலை அருப்புக்கோட்டையில் ஒரு பஞ்சர் கடை வாசலில் நின்றேன். கடைக்காரர் தேய்ந்து மொட்டையான லாரி டயரில் சூடான கத்தியால் பள்ளக் கோடுகளாகக் காடி வெட்டிக்கொண்டிருந்தார். ரப்பர் கருகும் நாற்றம் தொண்டைக்குள் இறங்கியது. "நாளைக்கு எஃப்.சி., டீச்சர். ஆபீசர் கண்ணுக்கு வரி தெரிஞ்சாப் போதும்" என்றார். தம்பி, நீ போய் நான்கு வருடமாகியும் அந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போலிருக்கிறது.

உன் வேனுக்குப் புது டயர் நான்கும் நான்தான் வாங்கிப் போட்டேன். பத்தே நாளில் பழைய மொட்டை டயரோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாய்.

"ஏலே, புதுசு எங்க?"

"ரெட்டியபட்டி மாமா வண்டிக்கு எஃப்.சி., அக்கா. நாலு நாளைக்குக் கேட்டாக. கழட்டிக் குடுத்தேன்."

நம் பக்கத்தில் இதை யாரும் தவறென்று நினைப்பதில்லை. வண்டியின் தகுதிச் சான்றுக்காக நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டுவார்கள், சான்று கைக்கு வந்ததும் திருப்பிக் கொடுப்பார்கள். கல்யாண வீட்டுக்கு நகை இரவல் தருவது மாதிரி.

காய்ந்த ரோட்டில் மொட்டை டயர் நன்றாகவே பிடிக்கிறது என்றாய். உண்மைதான். அதனால்தான் இந்த ஊரில் யாருக்கும் பயம் வருவதில்லை. சக்கரத்துக்கு அடியில் சிக்கும் தண்ணீர் வெளியேறத்தான் காடி இருக்கிறது, வழியில்லாவிட்டால் தண்ணீர் சக்கரத்தையே தூக்கிவிடும், அப்புறம் ஸ்டீயரிங்கும் பிரேக்கும் வெறும் இரும்பு என்று வகுப்பில் சொல்வதுபோலவே உனக்கும் சொன்னேன். நீ சிரித்தாய்.

"கண்மாயே காஞ்சு கெடக்கு. நான் ரோட்டுல மெதப்பேனாக்கும். போக்கா, காலேஜுப் பிள்ளைகளுக்குச் சொல்லு."

அறைந்தேன். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. "அப்ப போய்ச் சாவு" என்றேன். நாற்பதை நெருங்கிய ஆள், சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு, "ஒனக்குத்தான் கை வலிக்கும்" என்றாய்.

மூன்றாம் நாள் மத்தியானம், ஏழு மாதத்துக்குப் பிறகு மழை பெய்தது. திருச்சுழி சாலையில் தண்ணீர் தேங்கிய ஒரு பள்ளத்தில் உன் வேன் வழுக்கித் திரும்பிப் புளியமரத்தில் மோதியது. ஸ்டீயரிங் நெஞ்சுக்குள் இறங்கியிருந்தது. பின்னால் ஏற்றியிருந்த சேலைப் பொதிகள் முன்னே பாய்ந்து கழுத்தை முறித்திருந்தன. "பிரேக் தடமே இல்ல. தூங்கிட்டாரு போல" என்றார் போலீஸ்காரர். கடப்பாரையால் தகரத்தை நெம்பி உன்னை வெளியே எடுத்தபோது நான் பார்த்தேன். உன் வலது கால் பிரேக்கை மிதித்தபடியே இறுகிக் கிடந்தது.

மறுநாள் உன்னைச் சுடுகாட்டுக்கு எடுப்பதற்கு முன் ரெட்டியபட்டி மாமா நான்கு டயரோடு வந்தார். "சொன்னபடி கொண்டாந்துட்டேன் தாயி" என்றார், எங்கே இறக்குவதென்று தெரியாமல். அவர் வண்டியில் கிடந்த, டயர் கழற்றும் லீவர் கம்பியை எடுத்து அவர் தோளில் இறக்கினேன். எலும்பு முறியும் சத்தம் கேட்டது. மறுபடி ஓங்கினேன். அவர் நகரவில்லை.

"அடி தாயி. எனக்கு வேணும்."

நான்கு பேர் சேர்ந்து என்னைப் பிடித்து இழுத்தார்கள். அவர் புகார் கொடுக்கவில்லை. அந்தக் கை இன்றும் தோளுக்கு மேல் எழும்புவதில்லை.

எல்லோரும் விதி என்றார்கள். நான் நம்பவில்லை. நம்பியிருந்தால் மனசு லேசாகியிருக்கும். இரவல் கேட்டவரை அடித்தேன், கொடுத்த உன்னை அடித்தேன். ஆனால் எனக்குள் இன்னும் கிடப்பது உன் வண்டிச் சாவி. அன்று வந்ததும் அதை என் மேசைமேல் வைத்தாய். உன்னை அறைந்த பிறகு நான் அதைக் கையில் எடுத்தேன். டயர் திரும்பி வரும்வரை தர மாட்டேன் என்று வைத்துக்கொண்டிருந்தால் கத்தியிருப்பாய், ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பாய். நான் அதை உன் முகத்தில் விட்டெறிந்தேன். நீ குனிந்து பொறுக்கினாய். "வாரேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனாய்.